எலும்பு வெளியே வந்த முறிவும் இலிசரோவ் வளையமும்: நோயாளியும் வீட்டாரும் கேட்கும் கேள்விகள்

பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழ் எலும்பு நொறுங்கி, தோலைக் கிழித்து வெளியே வந்து, சில சென்டிமீட்டர் எலும்பே இல்லாமல் போனவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். இந்தக் காலைக் காப்பாற்றுவதில் ஆபரேஷன் தியேட்டரில் நடப்பது ஒரு பங்குதான். மீதியெல்லாம் வீட்டில், கட்டிலில், காலைச் சுற்றி மாட்டிய இலிசரோவ் வளையக் கருவியின் நட்டுகளைத் திருப்பும் 10-ஆம் நம்பர் ஸ்பேனரோடு நடக்கிறது. அதனால் வீட்டில் செய்ய வேண்டியதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

எலும்பு வெளியே தெரிகிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை என்ன செய்வது?

ரத்தம் பீய்ச்சினால் சுத்தமான துணியை மடித்து, அந்த இடத்திலேயே கையால் விடாமல் அழுத்துங்கள். எலும்பை உள்ளே தள்ள வேண்டாம். தள்ளினால் ரோட்டு மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். மஞ்சள், காப்பித்தூள் என்று எதையும் புண்ணில் போடாதீர்கள். சுத்தமான துணியை நல்ல தண்ணீரில் நனைத்து மூடி, இரண்டு பக்கமும் கட்டையோ மடித்த அட்டையோ வைத்துக் கால் அசையாதபடி கட்டுங்கள். கொலுசு, மெட்டி போட்டிருந்தால் முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் கால் வீங்கிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நாட்டுக்கட்டு போட வேண்டவே வேண்டாம். தோல் கிழியாத சின்ன முறிவுக்கு என்ன செய்தாலும் சரி, எலும்பு வெளியே வந்த காலை இறுக்கிக் கட்டினால் உள்ளே அழுத்தம் ஏறித் தசை செத்துவிடும். ரத்த ஓட்டம் நின்ற காலுக்கு ஏறத்தாழ 6 மணி நேரம்தான் கெடு. நரம்பு வழியாகப் போடும் ஆன்டிபயாடிக் அடிபட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் நல்லது. அதனால் முதலில் கிடைக்கும் ஆஸ்பத்திரியிலேயே அந்த ஊசியையும் டெட்டனஸ் ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

முதல் ஆபரேஷனில் எலும்பைச் சேர்க்காமல் கழுவி மட்டும் விட்டிருக்கிறார்களே?

அந்தக் கழுவல்தான் முக்கியமான ஆபரேஷன். டாக்டர்கள் டிபிரைட்மென்ட் என்பார்கள். பெரிய காயம் என்றால் 9 லிட்டர் சலைன் வரை விட்டுக் கழுவுவது வழக்கம். ஆனால் தண்ணீரை விட முக்கியம் வெட்டு. தசையின் ஒவ்வொரு பகுதியையும் நான்கு விஷயம் வைத்துப் பார்ப்பார்கள்: நிறம் சிவப்பா, தொட்டால் உறுதியா குழைகிறதா, கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா. இதில் தேறாத தசையை எடுத்தே ஆக வேண்டும். தசையோடு ஒட்டில்லாமல் தனியாகக் கிடக்கும் எலும்புத் துண்டுக்கு ரத்தம் வராது. அதை உள்ளே விட்டால் கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்தது போலத்தான். "இருந்த எலும்பையும் எடுத்துவிட்டார்கள்" என்று பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் செத்த எலும்பை மனசு கேளாமல் விட்டுவைத்த கால்களில்தான் மாதக்கணக்கில் சீழ் வடிகிறது.

இந்தக் கட்டத்தில் எலும்பைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்த வெளிக்கம்பி, அதாவது எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர் போடுவார்கள். இது வேறு, பின்னால் வரும் இலிசரோவ் வளையம் வேறு.

எலும்பு முறிவுக்குப் பிளாஸ்டிக் சர்ஜன் எதற்கு?

மூடாத எலும்பு காய்ந்து சாகும். கீழ்க்காலின் முன்பக்கத்தில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவே தசையே கிடையாது. தோல் போனால் எலும்பு அப்படியே வெளியில் நிற்கும். காயம் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் கெண்டைக்கால் தசையைத் திருப்பி மூடலாம். நடுவில் என்றால் அதற்கு அடியில் உள்ள சோலியஸ் தசை. கணுக்காலுக்கு அருகே என்றால் பக்கத்தில் எடுக்க ஒன்றுமில்லாததால், தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ தசையை ரத்தக் குழாயோடு எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்பில் தைக்க வேண்டும். இதெல்லாம் சில நாளில், அதிகபட்சம் ஒரு வாரத்துக்குள் முடிவது நல்லது. எலும்பு டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் முதல் நாளே சேர்ந்து பார்க்கும் ஆஸ்பத்திரியைத் தேடுவது வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி.

தசை மாற்றி வைத்த முதல் மூன்று நாள் அதன் நிறத்தைக் கவனியுங்கள். வெளுத்துச் சில்லிட்டால் ரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்து உப்பினால் வெளியே போகவில்லை. இரண்டுக்கும் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும், காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காலை எடுத்துவிடலாம் என்று ஒருவர், காப்பாற்றலாம் என்று இன்னொருவர். எதை வைத்து முடிவு செய்வது?

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் உருவாக்கி 2006-இல் வெளியிட்ட மதிப்பெண் முறை ஒன்று இருக்கிறது. ரத்தக் குழாய் அறுபடாத, ஆனால் மோசமாகத் திறந்த கீழ்க்கால் முறிவுகளுக்கானது. தோல், எலும்பு, தசை-நரம்பு என மூன்றுக்கும் தலா 1 முதல் 5 வரை மதிப்பெண். சர்க்கரை, வயது, தாமதம், அதிர்ச்சி நிலை போன்றவற்றுக்குக் கூடுதலாக 2 மதிப்பெண் வீதம். மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழ் என்றால் காப்பாற்றப் பார்க்கலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் எடுப்பது நல்லது. நடுவில் வருவது, அனுபவமுள்ள குழு நோயாளியின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடம். டாக்டரிடம் "ஸ்கோர் எவ்வளவு, எதில் எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

உள்ளங்காலில் உணர்ச்சி இல்லை என்பதை மட்டும் வைத்துக் காலை எடுக்கச் சொன்னால் இன்னொரு கருத்துக் கேளுங்கள். அமெரிக்காவில் 8 விபத்து மையங்களில் நடந்த லீப் ஆய்வில், முதல் நாள் உணர்ச்சி இல்லாமல் இருந்தும் காப்பாற்றப்பட்ட கால்களில் பாதிக்கு மேல் இரண்டு வருடத்தில் உணர்ச்சி திரும்பியிருந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: இரண்டு வருட முடிவில் கால் எடுத்தவர்களும் காப்பாற்றிக்கொண்டவர்களும் அன்றாட வாழ்வில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். ஆகவே கால் எடுப்பது தோல்வி அல்ல. முழங்கால் மூட்டு மிஞ்சினால் செயற்கைக் காலோடு சில மாதங்களில் வேலைக்குப் போகலாம். சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறார்கள். தினக்கூலிக்காரர் ஒருவருக்கு ஒரு வருட வளையச் சிகிச்சையா, இதுவா என்பது குடும்பமே கூடி உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

6 செ.மீ. எலும்பு இல்லை. அது எங்கிருந்து வரும்?

இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி என்றால் காலைக் கொஞ்சம் குட்டையாக்கிச் சேர்த்துவிட்டு, பிறகு நீட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் மூன்று வழி.

ஒன்று மாஸ்கலே முறை. இடைவெளியில் ஆன்டிபயாடிக் கலந்த எலும்பு சிமென்ட்டை வைத்து 6 முதல் 8 வாரம் விடுவார்கள். அதைச் சுற்றி உடல் ஒரு மெல்லிய சவ்வை உண்டாக்கும். பிறகு சவ்வைக் கிழிக்காமல் திறந்து, சிமென்ட்டை எடுத்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை நிரப்புவார்கள். இரண்டு ஆபரேஷன், வீட்டில் நட்டுத் திருப்பும் வேலை இல்லை. கிருமி முழுக்கப் போயிருந்தால்தான் எடுபடும்.

இரண்டாவது, கீழ்க்காலில் பெரிய எலும்போடு கூடவே இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை ரத்தக் குழாயோடு எடுத்து வைப்பது. அது பருத்துப் பாரம் தாங்க நாளாகும், நடுவில் ஒடியவும் வாய்ப்புண்டு.

மூன்றாவது இலிசரோவ் முறையில் எலும்பை நகர்த்துவது. கிருமி இருந்த காலுக்கும் கால் குட்டையானவர்களுக்கும் பெரும்பாலும் இதுதான் வருகிறது. மீதிக் கேள்விகளெல்லாம் இதைப் பற்றியவை.

இலிசரோவ் என்பது யார்?

காவ்ரில் இலிசரோவ், சைபீரியாவில் குர்கான் என்ற ஊரில் வேலை பார்த்த டாக்டர். 1950-களின் தொடக்கத்திலேயே இந்த வளையக் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புரூமெல், அடுத்த வருடமே மோட்டார்சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகும் சேராத அந்தக் காலைச் சேர்த்தவர் இலிசரோவ். 1980-இல் இத்தாலியப் பயணி கார்லோ மௌரியின் காலைச் சரிசெய்த பிறகுதான் மேற்கு நாடுகள் திரும்பிப் பார்த்தன.

எலும்பை எப்படி "நகர்த்துகிறார்கள்"?

இடைவெளி கீழே இருந்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நல்ல எலும்பை ஒரு வெட்டு வெட்டுவார்கள். எலும்பின் மேலுறையைச் சேதப்படுத்தாமல் வெட்டுவதில்தான் கைத்திறமை இருக்கிறது, புது எலும்பை உண்டாக்குவதில் அந்த உறைக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போது நடுவில் ஒரு துண்டு தனியாகிறது. அதை ஒரு வளையத்தில் மாட்டி, மெதுவாகக் கீழே இறக்குகிறோம். துண்டு இறங்க இறங்க, அதற்குப் பின்னால் வெட்டிய இடத்தில் புது எலும்பு முளைக்கிறது. துண்டு போய்க் கீழ் எலும்பைத் தொட்டால் இடைவெளி தீர்ந்தது.

எலும்பைக் குறுக்கே துளைத்துப் போகும் கம்பி 1.8 மி.மீ. கனம்தான். அது தளர்வாக இருந்தால் வளையும். அதனால் வளையத்தில் மாட்டி ஏறத்தாழ 130 கிலோ விசையில் இழுத்து முறுக்குவார்கள். சைக்கிள் ஸ்போக்ஸ் போன்ற அந்த இழுவிசைதான் உங்கள் எடையைத் தாங்குகிறது.

நட்டைத் திருப்புவது எப்படி?

ஆபரேஷன் முடிந்து 5 முதல் 10 நாள் எதையும் திருப்பக் கூடாது, வெட்டிய இடத்தில் முதல் திசு படிய வேண்டும். பிறகு ஒரு நாளைக்கு 1 மி.மீ., அதை 0.25 மி.மீ. வீதம் நான்கு வேளையாகப் பிரித்துத் திருப்ப வேண்டும். காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு படுக்கும்முன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே தடவையில் 1 மி.மீ. திருப்பினாலும் கணக்கு ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். புதுத் திசுவும் நரம்பும் ரத்தக் குழாயும் சிறுகச் சிறுக இழுத்தால்தான் வளரும்.

வளையங்களை இணைக்கும் மரை போட்ட கம்பியில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஆக ஒரு வேளைக்குக் கால் சுற்று. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: நட்டுக்கு 6 முகம், கால் சுற்று என்றால் ஒன்றரை முகம். கண்ணளவில் திருப்பினால் தப்பாகும். நட்டின் ஒரு முகத்தில் நெயில் பாலிஷால் பொட்டு வைத்துவிடுங்கள். பொட்டு முன்பக்கம் பார்த்தால் அடுத்த வேளை அது வலப்பக்கமோ இடப்பக்கமோ, அதற்கடுத்து பின்பக்கம். நான்கு முகமுள்ள சதுரத் தலை கருவி மாட்டியிருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

நகரும் வளையத்துக்கு மேலே ஒரு நட்டு, கீழே ஒரு நட்டு இருக்கும். துண்டு கீழே இறங்க வேண்டும் என்றால் முதலில் கீழ் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள், பிறகு மேல் நட்டைக் கால் சுற்று இறுக்குங்கள். இப்படி மரை போட்ட 3 அல்லது 4 கம்பியிலும் செய்ய வேண்டும். ஒரு கம்பியை விட்டுவிட்டால் வளையம் சாயும், எலும்பும் கோணலாகப் போகும். எந்தத் திசை என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்முன் டாக்டர் கண்ணெதிரே நீங்களே திருப்பிக் காட்டி, வளையத்தில் மார்க்கரால் அம்புக்குறி போட்டு வாங்குங்கள். திசை மாறித் திருப்பி இரண்டு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் தெரிந்தால், அந்த இரண்டு வாரமும் வீண்.

ஒரு நோட்டில் தேதி, வேளை, திருப்பியவர் பெயர் எழுதுங்கள். திருப்பும் பொறுப்பு வீட்டில் ஒருவருக்கு, அவர் இல்லாதபோது இன்னொருவருக்கு. மூன்றாவது ஆள் வேண்டாம், ஒரே வேளைக்கு இருமுறை திருப்பிவிடுவது அப்படித்தான் நடக்கிறது.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

அடுத்த வேளையில் வழக்கமான கால் சுற்று மட்டும் போடுங்கள், சேர்த்துப் போடாதீர்கள். ஒரு நாள் முழுக்க விட்டுப்போனால் போன் செய்து சொல்லுங்கள். பல நாள் நிறுத்தினால் புது எலும்பு முன்கூட்டியே இறுகிவிடும். நட்டு வழக்கத்தை விடக் கடினமாகத் திரும்பும், கம்பிகள் வில்லாக வளையும், வலி கூடும். அப்போது பலம் போட்டுத் திருப்பாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரும்ப எலும்பை வெட்ட வேண்டி வரலாம்.

மாறாக, கால்விரல் மரத்துப்போவது, கட்டைவிரலைத் தூக்க முடியாதது இரண்டும் நரம்பு அதிகமாக இழுபடுவதன் அடையாளம். நட்டைத் தொடாமல் அன்றே டாக்டரிடம் பேசுங்கள். பெரும்பாலும் வேகத்தைக் குறைத்தாலே சரியாகும்.

மொத்தம் எத்தனை மாதம்?

6 செ.மீ. இடைவெளிக்குக் காத்திருப்பு ஒரு வாரம், திருப்புவது 60 நாள். இதைக் கேட்டு மூன்று மாதத்தில் கழற்றிவிடுவார்கள் என்று நம்புகிறார்கள். முளைத்த எலும்பு கெட்டிப்பட அதைவிட நெடுங்காலம் ஆகும். பெரியவர்களுக்கு ஒரு செ.மீ.க்கு ஒன்றரை முதல் இரண்டு மாதம் என்று மொத்தக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 6 செ.மீ.க்கு 9 முதல் 12 மாதம். வேலை, கடன் தவணை, பிள்ளைகள் படிப்பு எல்லாவற்றையும் இந்தக் கணக்கை வைத்துத் திட்டமிடுங்கள்.

கம்பித் துளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வது?

இலிசரோவ் போட்ட எல்லோருக்கும் ஏதாவது ஒரு துளையில் எப்போதாவது சிவக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த காஸ் துணியால் ஒவ்வொரு துளையையும் தனித்தனியாகத் துடையுங்கள். ஒரு துளைக்கு ஒரு துண்டு காஸ், அதே துண்டால் அடுத்ததைத் தொடக் கூடாது. சீழ் இருக்கும் துளையைக் கடைசியில் துடையுங்கள். பிறகு டாக்டர் சொன்ன குளோர்ஹெக்ஸிடின் திரவம். கம்பி நுழையும் இடத்தில் தோல் ஏறி இறங்கி உரசினால்தான் பாதிப் புண் வருகிறது. அதனால் துளையைச் சுற்றிக் காஸை வைத்து லேசாக அழுந்தும்படி சுற்றுங்கள். தெளிந்த நீர் கசிந்தால் பரவாயில்லை. கெட்டியான மஞ்சள் சீழ், நாற்றம், பரவும் சிவப்பு, காலை ஊன்றும்போது அந்தத் துளையில் மட்டும் சுரீர் வலி என்றால் காட்ட வேண்டும். பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும். கம்பியே ஆடினால் அதை எடுத்துவிட்டு வேறு கம்பி போடுவார்கள்.

பழைய பெட்ஷீட்டில் உறை தைத்து வளையத்தின் மேல் மாட்டினால் ஈயும் தூசியும் அண்டாது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனைகளுக்கு ரப்பர் மூடி போடுங்கள், தூக்கத்தில் மற்றக் காலைக் கிழிக்கும். உடுத்த லுங்கி, நைட்டி, அல்லது பக்கவாட்டில் பிரித்து நாடா தைத்த பேண்ட்.

பாதம் கீழே மடங்கிக்கொண்டே போகிறதே?

எலும்பு சரியாகச் சேர்ந்தும் நடக்க முடியாமல் போகிறவர்கள் இதனால்தான் போகிறார்கள். எலும்பு இழுபடும்போது கெண்டைக்கால் தசையும் இறுகி, குதிகாலை மேலே தூக்கிவிடுகிறது. பாதத்துக்குப் பலகை வைத்து, வளையத்தோடு பட்டையால் இழுத்துக் கட்டச் சொல்லியிருப்பார்கள். இரவிலும் அதைக் கழற்றாதீர்கள். பகலில் மணிக்கு ஒருமுறை துண்டைப் பாதத்தில் மாட்டித் தன்பக்கம் இழுத்து, 30 எண்ணும்வரை பிடிக்க வேண்டும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கவே கூடாது. சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மடங்கியபடியே முழங்கால் இறுகிவிடும். தலையணை குதிகாலுக்கு அடியில் போகட்டும், முழங்கால் தானாக நீளும்.

காலை ஊன்றலாமா?

டாக்டர் சொன்ன அளவுக்கு ஊன்றத்தான் வேண்டும். வாக்கரோடு, முதலில் பாதி எடை, பிறகு கூட்டிக்கொண்டே போகலாம். ஊன்றாத காலில் புது எலும்பு மெலிந்தே இருக்கும். தரையில் சம்மணம், இந்திய முறைக் கழிவறை இரண்டும் முடியாது. கம்மோடு நாற்காலியை டிஸ்சார்ஜுக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

என்ன சாப்பிடுவது, என்ன கூடாது?

எலும்பு சூப் குடித்தால் எலும்பு வளர்ந்துவிடாது. புரதம் வேண்டும்: 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதால் பருப்பு, சுண்டல், பால், மீன் எல்லாம் சேர வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள். வைட்டமின் டி அளவைப் பரிசோதியுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். வலிக்கு டைக்ளோஃபினாக் போன்றவற்றை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள், வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், எலும்பு சேர்வதையும் தடுக்கக்கூடும்.

பீடி, சிகரெட், ஹான்ஸ், புகையிலை எதுவும் கூடாது. நிகோடின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, புது எலும்பும் மாற்றி வைத்த தசையும் அந்தக் குழாய்களை நம்பித்தான் இருக்கின்றன. நிறுத்த முடியாதவருக்கு இந்தச் சிகிச்சையையே தள்ளிப்போடும் டாக்டர்கள் உண்டு. அவர்கள் செய்வது சரி.

துண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. மறுபடியும் ஆபரேஷன் என்கிறார்களே?

துண்டு நகர்ந்து வந்த மாதங்களில் அதன் முனை வழவழப்பாகி மூடியிருக்கும். நடுவில் தசையும் தழும்பும் சிக்கியிருக்கும். வெறுமனே ஒட்டி வைத்தால் பல கால்களில் சேர்வதில்லை. அதனால் முனைகளைச் சுரண்டி ரத்தம் கசிய வைத்து, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்புத் துகள் எடுத்து வைத்து, வளையத்தை இறுக்குவார்கள். முதல் ஆபரேஷன் தப்பானதால் வருவதல்ல இது, பெரும்பாலும் திட்டத்திலேயே உள்ள ஒரு கட்டம்.

எதற்கெல்லாம் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி போக வேண்டும்?

குளிரோடு காய்ச்சல். கெண்டைக்கால் திடீரென வீங்கி, மூச்சு வாங்குவது அல்லது நெஞ்சு வலி, இது ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனதாக இருக்கலாம். கம்பியோரம் ரத்தம் நிற்காமல் வருவது. விரல்கள் சில்லிட்டு நிறம் மாறுவது. கம்பி ஒடிவது அல்லது கீழே விழுந்து வளையம் நெளிவது. வேறு நோய்க்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், காலில் வளையம் இருப்பதை உள்ளே போகும்முன் சொல்லிவிடுங்கள்.

செலவு?

தமிழகச் சாலையில் நடந்த விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உச்சவரம்புக்குள் அரசு பணம் கட்டுகிறது. பதிவு செய்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். அதற்குப் பிறகு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எந்தெந்தக் கட்டம் அடங்கும் என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் எழுதி வாங்குங்கள். கழற்றும் ஆபரேஷனையும் சேர்த்துக் கேளுங்கள், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

எப்போது கழற்றுவார்கள்? கழற்றிய பிறகு?

முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் இரண்டு எக்ஸ்ரே எடுத்தால் புது எலும்புக்கு நான்கு ஓரம் தெரியும். அதில் குறைந்தது மூன்று ஓரம் கெட்டியாகத் தெரிய வேண்டும். அதன்பின் சில வாரம் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, எடையை எலும்பின் மேலேயே ஏற்றிப் பார்ப்பார்கள். வலி இல்லை, கோணல் இல்லை என்றால் கழற்றலாம்.

கழற்றிய முதல் சில வாரங்களில்தான் புது எலும்பு ஒடிவதும் வளைவதும் அதிகம். கால் லேசானது போலத் தோன்றும், உடனே பைக்கை எடுக்கத் தோன்றும். கட்டுப் போட்டிருந்தாலும் பிரேஸ் கொடுத்திருந்தாலும் சொன்ன காலம் முழுக்கப் போடுங்கள். ஊன்றுகோலை இரண்டிலிருந்து ஒன்றாக, ஒன்றிலிருந்து வெறுங்கையாகப் படிப்படியாக விடுங்கள். துளைகள் இரண்டு வாரத்தில் மூடும், வடு இருக்கும். மூடிய துளை ஒன்று பிறகு மறுபடி கசிந்தால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், அந்தக் கம்பி போன வழியில் எலும்புக்குள் கிருமி தங்கியிருக்கலாம்.